கூரையிலிருந்து வந்த என் குரல்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். ஆனால் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்?

பண்டமாரானில் உறைந்த மீன் வைக்கும் கிடங்கு ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறேன். கிடங்கின் எல்லாத் தொலைபேசிக் கம்பிகளும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் போய்ச் சேரும். பி.ஏ.பி.எக்ஸ் என்பார்கள். அதே பெட்டி வழியாக ஒலிபெருக்கிகளில் கிடங்கு முழுவதும் கேட்கும்படி அறிவிக்கவும் என் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அதை நான் தொட்டதில்லை. கணக்குப் பிரிவுப் பெண்தான் அறிவிப்பாள்.

குளிர் அறைக்குள் கைப்பேசி எடுக்காது. அதனால் அங்கே சுவரில் ஒரு தொலைபேசி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பி அதிலிருந்து தினமும் அழைப்பார்.

“அக்கா, சுவிட்சர்லாந்துலேர்ந்து பேசுறேன் லா. சூடா குடிக்க ஒரு தே தாரேக் அனுப்புங்க.”

ஒருமுறை கணக்குப் பெண்ணை நம்பவைத்து, குளிர் அறையில் பனிக்கரடி என்று அறிவிக்கவும் வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் என் மேசையில் குளிர் அறைத் தொலைபேசிக்கான விளக்கு எரிந்தது.

“அக்கா, கதவு உள்ளேர்ந்து தொறக்கல. குளிர்ச்சட்டைய வெளிய விட்டுட்டேன்.”

பல்லோடு பல் அடிக்கும் சத்தம் கேட்டது. சுவிட்சர்லாந்து இல்லை, தே தாரேக் இல்லை.

குளிர் அறை, லோரிகள் நிற்கும் வளாகத்தின் அந்தக் கோடியில். சூப்பர்வைசர் எடுக்கவில்லை. கணக்குப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். தம்பியின் அழைப்பைத் துண்டிக்காமல் நிறுத்திவைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

“குளிர் அறையில தம்பி மாட்டிக்கிட்டாரு. கதவத் தொறங்க!”

அந்தக் குரல் கூரையிலிருந்தும் வளாகத்திலிருந்தும் பெரிதாகித் திரும்பி வந்தது. என்னுடையதுதானா என்று திகைத்து நின்றேன். வெளியே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தம்பியைப் போர்வை சுற்றி அழைத்து வந்த சூப்பர்வைசர் சொன்னார்: “வேற யாரு சொல்லியிருந்தாலும் இவன் வெளையாட்டுன்னு விட்டிருப்போம். நீங்க பேசியே கேட்டதில்லியேக்கா. அதான் ஓடினோம்.”

அழைப்பை நிறுத்திவைத்தால் காத்திருப்பவருக்குப் பெட்டி தானாகவே இசை வாசிக்கும். தம்பி நடுங்கிக்கொண்டே சொன்னார்: “உசிரு போற நேரத்துல பாட்டு போட்டுட்டீங்களேக்கா!”

வீட்டுக்குக் கிளம்புமுன் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றேன். தூசி படிந்த பெட்டி. உள்ளே பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவருடைய நடுக்கமும் என்னுடைய பயமும் இதன் வழியாகத்தான் போயிருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலை குளிர் அறைக் கதவின் உள்பிடியை மாற்றினார்கள். மத்தியானம் தம்பி அழைத்துத் தே தாரேக் கேட்டார்.