குப்பை என்று ஒரு பெயர்

கொட்டாஞ்சேனையில் நான் தட்டச்சில் சத்தியக்கடதாசி அடித்துக் கொடுக்கும் சின்ன அறைக்கு ஒரு காலையில் அந்த அம்மா வந்தார். தொண்ணூறைத் தாண்டியிருப்பார். தோடில்லாத காதுகள் தோள்வரை தொங்கின. வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம் இல்லை. கதிரையைக் காட்டினேன். அவரோ குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எங்கே போனாலும் அப்படித்தானாம்.

பிறப்புச் சான்றிதழில் குப்பம்மா என்றிருந்தது. பெயரை மாற்ற வேண்டும் என்றார்.

“இந்த வயசில ஏனம்மா?”

“எனக்கு முன்னாடி மூணு புள்ளைங்க தவறிருச்சு தம்பி. அதனால என்னைய குப்பமேட்டுல போட்டு எடுத்து இந்தப் பேர வச்சாங்க. குப்பைன்னு நெனச்சு எமன் விட்டுட்டுப் போயிருவான்னு. அவனும் நம்பிட்டான். நான் பெத்தது, அதுங்க பெத்தது, எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிட்டான். என்னைய மட்டும் திரும்பிக்கூடப் பாக்கல.”

அவர் சொன்ன அழகான புதுப் பெயரை அடித்தேன்.

“சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்து, “இந்தா இருக்கேன்” என்றார். வாசலில் ஒருவரும் இல்லை. பிறகு மெல்ல எழுந்து கதிரையில் உட்கார்ந்தார்.

கடதாசியைச் சனிக்கிழமை வந்து எடுப்பதாகச் சொன்னார். வரவில்லை. அது இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அன்று அவரைக் கூப்பிட்டது என் குரல்தானே.