மட்டக்காரர் நிற்கும் பக்கம்

குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் எதிர்வீட்டுக்காரர். டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். மத்தியான வெயில் சன்னல் வழியே ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்கு மெல்ல நகர, அவரும் கூடவே ஊர்கிறார். தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தால், "சும்மா இருங்கக்கா. எங்க மேடு, எங்க பள்ளம்னு வெளிச்சம் சொல்லும்" என்பார்.

மட்டம், மட்டம் என்று ஓயாமல் சொல்வதால் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மட்டக்காரர்தான். "பேருதான் அப்படி. வேலைக்கு ஒருநாள்கூட மட்டம் போட்டதில்ல" என்று அவரே முந்திக்கொள்வார். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். ஆறும்வரை கோப்பைக்குள் டீ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். என் சாப்பாட்டு மேசை கோணல் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். கேட்காமலேயே அதன் காலுக்கு அட்டை மடித்து வைத்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு சொந்த மகள் தலையைக் கோட்டைவிட்டார். கைக்குழந்தை, இன்னும் புரளத் தெரியாது. குளிப்பாட்டித் தலை துவட்டும்போது மனைவிதான் பார்த்தாள். பின்மண்டையில் வலப்பக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. "ஊரார் வீட்டுத் தரையெல்லாம் போதாதா? என் பொண்ணு தலையையுமா மட்டம் பாத்துட்டீங்க?" என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். இவர் முகம் சுண்டிப்போயிற்று.

குழந்தைகள் மருத்துவர் அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "படுத்திருக்கும்போது வலப்பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார்.

வாசல் இருந்தது. சாயங்காலம் அப்பா வருகிற வாசல்.

"என்னைப் பாத்துப் பாத்தே தலை தட்டையாயிடுச்சுக்கா" என்றார் என்னிடம். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

கையால் அமுக்கிச் சரிசெய்கிற வேலையே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தூங்கும்போது எப்போதும்போல மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து குப்புறப் போட்டு விளையாட வேண்டும், இடப்பக்கம் பார்க்கப் பழக்க வேண்டும். இளமண்டை, பழக்கம் மாறினால் தானாக உருண்டு வரும். வராவிட்டால் தலைக்குக் கவசம் செய்து மாட்ட வேண்டியிருக்கலாம் என்றார். இவர் காதில் கவசம் மட்டும்தான் விழுந்தது.

அன்றைக்கே மெத்தையில் தலைமாட்டைக் கால்மாடாக்கினார். வாசல் இடப்பக்கம் வந்துவிட்டது. மகளோ பழைய பக்கமே திரும்பி, வெறும் சுவரைப் பார்த்து அப்பாவுக்காகக் காத்திருந்தாள்.

மாலைகளில் இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து மூக்கோடு மூக்கு வைத்து ஏதோ பேசிக்கொள்வது என் வீடு வரை கேட்கும். அவள் தலையைத் தூக்குவாள், தள்ளாடுவாள், கன்னத்தைச் சாய்ப்பாள், அதுவும் வலப்பக்கம்தான். இவர் இடப்பக்கமாக ஊர்ந்துபோய்க் கெஞ்சுவார். "இங்க பாரு தங்கம். அங்க யாருடி இருக்கா? வெறும் சுவருடி அது." பிறகு என்னிடம், "கோவிச்சுக்கிட்டாளோக்கா?" என்பார். பாவம், ராத்திரித் தூக்கம் போய் ஆள் பாதியாகிவிட்டார்.

நேற்று மாலை நான் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வேலை முடிந்து வந்தார். தலைமுடியெல்லாம் சிமென்ட் தூசி. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "அம்மாடி" என்று கூப்பிட்டார். மூச்சுக்காற்று அளவுக்குத்தான் சத்தம். சுவரைப் பார்த்திருந்த தலை தூக்கத்தில் அசைவதுபோல அசைந்தது. மேலே வந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தது. அப்புறம் மெல்ல, மெல்ல, இடப்பக்கம் முழுசாகச் சாய்ந்து அவரைக் கண்டுபிடித்தது. கையும் காலும் பறந்தன.

"தூக்குங்களேன், பாத்துட்டால்ல!" என்றாள் மனைவி.

நீட்டிய கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். கண் நிறைந்து வழிய, மகள் பார்வை விடாமல் தொடர, இடப்பக்கமே இன்னும் ஓரடி தள்ளிப் போய் நின்றார்.