படகில் அளந்த மருந்து

வாவி கடக்கும் பாதைப் படகில் ஓட்டி இருந்தார். மீன்கார அக்கா இருந்தா. நான் இருந்தேன். என் மடியில் வயிற்றுப் பூச்சியால் துவண்ட ஆட்டுக்குட்டி. எதிரே, குடைப்பிடியை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்த ஒரு தடித்த அம்மா.

உடனே ஒன்றரை மில்லி கொடு, கூடினால் குட்டி தாங்காது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்தேன்.

"பாதி காத்து, மகன். காத்தக் குடிச்சா சுகம் வருமா?"

அந்த அம்மா சிரிஞ்சை வாங்கி நிமிர்த்தி, நகத்தால் தட்டினா. மேலே வந்த குமிழியைத் தள்ளிவிட்டு மீண்டும் இழுத்தா. படகு ஆடியது.

"இஞ்சினை நிப்பாட்டுங்க தம்பி, கோடு தெரியல்ல."

"என்ர மீன் நாறிப் போகும்!" என்றா அக்கா. ஓட்டி சிரித்துக்கொண்டே நிறுத்தினார். குட்டி குடித்தது.

அந்த அம்மா யாரென்று நான் கேட்கவில்லை. குட்டி இப்போது கிடாய். நானும் நகத்தால் தட்டித்தான் அதற்கு மருந்து அளக்கிறேன். ஆறு மில்லி.