மூன்று விசில் கஷாயம்

பொள்ளாச்சியில் நாலாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு, ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் சாலையில் சொந்தமாக மளிகைக்கடை போட்டவர் நஞ்சுண்டன். படித்தவர்களெல்லாம் அடுத்தவரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குகிற ஊரில் அவர் பெயரெழுதிய பலகை விளக்குப் போட்டு எரிந்தது. அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தே எத்தனை மாதத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை 1998 கோடையில் அவர் மனைவி கலாவதி 'கடைக்காரரே' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

நாற்பது வருடம் 'மாமா' என்று கூப்பிட்ட வாய். இப்போது, 'நேரமாகிவிட்டது, உங்கள் வீட்டில் தேடுவார்கள்' என்று மரியாதையாக வாசலைக் காட்டியது. அமெரிக்காவில் யாருக்கும் அஞ்சாத நஞ்சுண்டன் அந்த மரியாதைக்கு அஞ்சினார். இன்னும் ஒரு தரமாவது அவள் மாமா என்று சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்து அல்சைமர் என்றார்கள். மகள் சண்முகப்ரியா விளக்கினாள்: மூளைக்கு எரிபொருள் சர்க்கரை, நன்றாக எரிகிற இடம் சிவப்பு, சரியாக எரியாத இடம் நீலம், அம்மாவுக்கு நீலம் பரவியிருக்கிறது.

"கோடவுன்ல சரக்கு இருக்குது, எடுத்து ரேக்குல வெக்க ஆளில்ல. அவ்வளவுதானே?" என்றார் நஞ்சுண்டன். டாக்டர் வருடக்கணக்கில் படித்ததைத் தாம் அரை நிமிடத்தில் பிடித்துவிட்டதாகக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்த ஆளைப் பிடிக்கப் பெல்லேர் சாலைக்குப் போனார். அங்கே மிஸஸ் சூ என்ற சீன அம்மாள் மூலிகைக்கடை வைத்திருந்தார். மூளைக்குத் தெம்பேற்றும் என்று வேரும் பட்டையும் கட்டிக் கொடுத்தார். மண்சட்டியில், சிறுதீயில், ஒரு மணி நேரம். உலோகம் படக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நஞ்சுண்டன் இரண்டு தரமும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரஷர் குக்கரில் போட்டார். சமையலறையில் அவர் அறிந்த ஒரே வித்தை அதுதான். ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்து நிற்க அவரென்ன வேலையற்றவரா? அதற்குள் மூலிகையைப் பற்றி டாக்டருக்கு போன் போட்டுக் கேட்ட சண்முகப்ரியா ஓடி வந்தாள்.

"அப்பா, இதக் குடுக்காதீங்க. அம்மா எடுக்கற டேப்லெட்டோட ரியாக்ட் பண்ணலாங்கறார்."

"சீனாக்காரன் எத்தன காலமாக் குடிக்கறான். உன் டாக்டருக்கு மீசையே இப்பத்தான் மொளச்சிருக்குது."

சண்டை முற்றுவதற்குள் ஒரு விசில் வந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது வந்ததும், சோபாவில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த கலாவதி திரும்பாமலே சொன்னார்:

"மூணு ஆச்சுங் மாமா. அடுப்ப நிறுத்துங்க. அடிப்புடிச்சா நீங்களா தேய்க்கப் போறீங்க?"

நஞ்சுண்டன் சோபாப் பக்கம் திரும்பினார். மகள்தான் அடுப்பை நிறுத்தினாள். கஷாயத்தை அவரே சிங்க்கில் கொட்டினார். ஒரு சொட்டுகூட யார் வாய்க்கும் போகவில்லை. ஆனாலும் தம் கைப்பக்குவத்தின் வாசத்துக்கே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று ஹில்கிராஃப்ட் முழுக்கச் சொன்னார்.

அதன்பின் பெல்லேர் பக்கம் போகவில்லை. தினமும் நாலு மணிக்குக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வருவார். குக்கரில் வெறும் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, சோபாவுக்கு முதுகைக் காட்டி நிற்பார். சில நாள் 'மாமா' வரும். சில நாள் கடைக்காரருக்கு உத்தரவு வரும். ஒன்றும் வராத நாளில் நாலாவது விசில் வரைக்கும் விட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் விசில் வராமல் ஆவி பக்கவாட்டில் சீறியது. சண்முகப்ரியா கடையிலிருந்து புது ரப்பர் வளையம் எடுத்து வந்து மாட்டினாள். உள்ளே என்ன வேகிறது என்று கேட்கவில்லை.