முருகையனுக்கு விட்ட இடம்

மஸ்தான் பாய் கிளாரினெட் எடுத்து ஊதினால் அடி அண்ணாமலையில் கட்டியிருக்கும் எருமைகூட கயிற்றை அறுத்துக்கொண்டு ஊர்வலத்தில் வந்து சேரும். ஆள் மட்டும் ஊதுவத்தி மாதிரி இருப்பார். திருவண்ணாமலையில் எங்கள் பேண்டு செட்டுக்கு அவர்தான் மாஸ்டர். முருகையன் டிரம். நான் ஜால்ரா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

பாய் ஒரு வரி வாசிப்பார். முருகையன் இரண்டு குச்சியாலும் ஒரு உருட்டு உருட்டுவான். அது விழுந்தால்தான் பாய் அடுத்த வரிக்குப் போவார். பதினைந்து வருஷப் பழக்கம்.

எமர்ஜென்சி நேரம். எழுபத்தாறு ஜூனில் டீக்கடையில் முருகையன் சர்க்காரைக் கிண்டல் பண்ணி ஒரு வார்த்தை சொன்னான். கடையே சிரித்தது. மறுநாள் காலையில் போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அந்தக் கிண்டல் என்னுடையது; நான் சொன்னதைத்தான் அவன் அங்கே எடுத்துவிட்டான். கிண்டலுக்கு ஆள் பிடிப்பதென்றால் எனக்குத் தனி ஜெயிலே கட்ட வேண்டும். என்னை யாரும் பிடிக்கவில்லை.

அவன் பெண்டாட்டி கஸ்தூரி ஏறாத ஸ்டேஷன் இல்லை. "அப்படி ஒரு ஆளே இங்க இல்ல, போம்மா" என்பதே எங்கேயும் பதில். இரண்டு மாதம் கழித்துப் பாயிடம் வந்து நின்றாள்.

"உயிரோட இருக்காரான்னு மட்டும் தெரிஞ்சா போதும்ணே."

பாய் மூலையில் கிடந்த முருகையனின் டிரம்மைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு ஒரு அரசாங்க ஆபீசில் கொடியேற்றும்போது வாசிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். பாய் முருகையனின் டிரம்மைத் தூக்கிவந்து, அவன் நிற்கிற இடத்தில் வைத்து, மேலே இரண்டு குச்சியையும் வைத்தார்.

"யாரு பாய் அடிக்கப் போறது?" என்று கேட்டேன்.

"அவன்தான்."

கொடி ஏறியது. பாய் தேசிய கீதத்தின் முதல் வரியை வாசித்து நிறுத்தினார். டிரம்மையே பார்த்து நின்றார். நிதானமாக அடுத்த வரி. மறுபடி நிறுத்தம். கீதம் முடியாமல் யாரும் அசையக் கூடாதே. ஆபீசர்கள் சல்யூட் வைத்த கை இறங்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகாத பாட்டு. என் கணக்கில் அதற்குள் மலையை ஒரு சுற்று சுற்றியிருக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லார் கண்ணும் அந்த டிரம் மேல். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"என்ன பாய், பாட்டு மறந்து போச்சா?"

"டிரம்முக்கு இடம் விட்டேங்க. அவன் வரல."

"எங்க போனான்?"

"அதத்தாங்க நானும் கேக்கறேன்."

எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பாய் கன்னத்தில் ஒன்று விட்டு, "இப்ப ஒழுங்கா வாசி. நடுவுல நிறுத்தினா பல்லு இருக்காது" என்றார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனே எழுந்து விறைப்பாக நின்றது. பாய் உதட்டில் ரத்தத்தோடு முதல் வரியை வாசித்தார். நிறுத்தினார். கீதம் நடக்கும்போது அடிக்கவும் முடியாமல் இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

பின்கட்டில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ சோற்றுத் தட்டில் தட்டினார்கள். முருகையன் உருட்டுகிற அதே இடம், அதே அளவு. பாய் கண்ணை மூடி அடுத்த வரிக்குப் போனார். கடைசிவரை வரிக்கு வரி பதில் வந்தது.

சாயங்காலம் எங்களை விட்டார்கள். கஸ்தூரி வாசலில் நின்றிருந்தாள்.

"இருக்கான்மா. உள்ளதான் இருக்கான்" என்றார் பாய்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "நல்லாருக்காராண்ணே?"

பாய் என்னைப் பார்த்தார்.

"ஜம்முனு இருக்கான், தட்டையே டிரம்மா ஆக்கிட்டான்" என்றேன் நான்.

முருகையனின் உருட்டுக்கு இரண்டு கை வேண்டும். தட்டில் விழுந்தது ஒற்றைக் கை அடி.