ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பூட்டு

எடிட்டரம்மாவிடம் என்ன வேலை என்று கேட்டால், "ஊரான் வீட்டுக் கல்யாணத்தை வெட்டி ஒட்டுறேன்" என்பாள். பொய்யில்லை. மணப்பெண்ணின் முகப்பருவை மறைப்பாள், மாப்பிள்ளை விட்ட கொட்டாவியை வெட்டுவாள், முறைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவைக்கூட ஒரே பாட்டில் சிரிக்க வைத்துவிடுவாள். ஸ்டுடியோ முதலாளிக்கும் அவள் எடிட்டரம்மாதான். நல்ல மனுஷன், ஆனால் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுப்பது என்றால் மட்டும் உயிர் போய்விடும். எங்கிருந்தோ ஓசியில் இறக்குவார். கம்ப்யூட்டரோடு கூடவே வரும் பாதுகாப்பு அமைப்பு, ஆபத்து ஆபத்து என்று கத்தும். "இதுக்கு வேற வேலையே இல்ல" என்று அதன் வாயை அடைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

போன வாரம் ஒரு பொண்ணு வந்தாள். கல்யாணம் முடிந்த சூட்டோடு அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மேடையில் அவர் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசியிருந்தார்.

"அக்கா, அப்பா குரல் வேற எதுலயும் இல்லக்கா. அவரு போன்லகூட ம், சரின்னு வெச்சிடுவாரு" என்று எடிட்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. பேக்கப்புக்கென்று வாங்கிய ஹார்ட் டிஸ்க்கோ, முதலாளியின் மச்சான் வீட்டு டிவியில் சினிமா ஓட்டிக்கொண்டிருந்தது. இருப்பது இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அன்றைக்கே பாதுகாப்பு அமைப்பைத் திறந்து குடைந்தாள். அதற்குள்ளேயே ஒரு பூட்டு இருந்தது. பூட்டிய ஃபோல்டரில், நாம் அனுமதி கொடுக்காத எந்த புரோகிராமும் கை வைக்க முடியாது. பொண்ணின் ஃபோல்டரைப் பூட்டினாள். பக்கத்திலேயே அவளுடைய சொந்த ஃபோல்டர் இருந்தது. மகள் குழந்தையாக இருந்தபோது பேசிய மழலை. பழைய போன் செத்துப்போகும் முன் இங்கே கொண்டுவந்து, 'டெஸ்ட்' என்று பெயர் வைத்து ஒளித்திருந்தாள். அதையும் பூட்டினால் பூட்டியவற்றின் பட்டியலில் முதலாளி கண்ணில் படும், ஆபீஸ் மெஷினில் சொந்தக் குடும்பமா என்று வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்தப் பாழாய்ப்போன பயத்தில் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

இன்று பொண்ணு வீடியோ வாங்க வருகிற நாள். காலையில் முதலாளி புதிதாக ஓர் எஃபெக்ட் சாஃப்ட்வேரைப் போட்டு, இதைக் கண்டுகொள்ளாதே என்று பாதுகாப்புக்கும் சொல்லிவைத்திருந்தார். சாப்பிட்டு வந்து எடிட்டரம்மா வேறொரு கல்யாண வேலையில் உட்கார்ந்தாள். திரை ஓரத்தில் பெட்டி எழும்பியது: அந்தப் புது சாஃப்ட்வேர் பூட்டிய ஃபோல்டரை மாற்றப் பார்த்தது, தடுத்துவிட்டோம்.

"அதுக்கு அனுமதி கொடுத்துத் தொலைங்க. சேவ் ஆகலைன்னா எப்படி டெலிவரி கொடுக்கிறது?" என்றார் முதலாளி.

"சார், நான் அந்த ஃபோல்டரைத் தொடவே இல்லையே."

மறுபடியும் பெட்டி. மறுபடியும். அவள் டிரைவைத் திறந்தாள். ஐயோ! மற்ற கல்யாணங்களில் ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகளில் வால் முளைத்துக்கொண்டிருந்தது. ஒன்றைத் திறந்தாள், திறக்கவில்லை. பின்னாலிருந்து முதலாளி மவுஸைப் பிடித்து 'அனுமதி'க்குக் கொண்டுபோனார்.

"கையை எடுங்க சார்!"

அடித்தே விட்டாள், முதலாளியின் கையை. அப்படியே குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"உங்களுக்கென்ன பைத்தியமா? இன்னிக்கு டெலிவரி இருக்கு! நாளையிலிருந்து வராதீங்க" என்று கத்தினார். அவள் ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். வீட்டு வாடகை, மகள் படிப்பு எல்லாம் ஒரு கணம் கண் முன்னால் வந்து போனது. ஒயரை மட்டும் விடவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். "உங்க புது சாஃப்ட்வேர் பார்த்த வேலைதான் சார். ஃபைலையெல்லாம் திறக்க முடியாம ஆக்கிட்டுப் பணம் கேக்குற வைரஸ் அதுக்குள்ள இருந்திருக்கு. போச்சு... இதுவும் போச்சு" என்று பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கிக்கொண்டே வந்தார். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அதற்குள் பொண்ணும் வந்து வாசலில் நின்றாள். யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"இது ஒண்ணுல மட்டும் கீறல்கூட இல்ல" என்றார் பழுது பார்ப்பவர், பூட்டிய ஃபோல்டரைத் திறந்து.

ஸ்பீக்கரில் ஒரு மனிதர் தொண்டையைச் செருமினார். "எம் பொண்ணு கோவக்காரி மாப்ள. பயப்படாதீங்க, சாப்பாடு போட்டா சரியாயிடுவா." பொண்ணு சிரித்தாள், சிரித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடிட்டரம்மாவிடம், "காலையில நேரத்துக்கு வந்துடுங்கம்மா" என்று முணுமுணுத்தார்.

"டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சே?" என்று மெல்லக் கேட்டாள் எடிட்டரம்மா.

"அதுவும் போச்சுக்கா. முக்கியமானதா?" என்றார் பழுது பார்ப்பவர்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல, சும்மா டெஸ்ட்தான்."

வீட்டில் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். இப்போதெல்லாம் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில்தான் பதில். எடிட்டரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை எடுத்து எதையோ தட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏதாவது பேசேன்டி."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. என்னைத் திட்டேன், பரவாயில்ல."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, உனக்கு என்னாச்சும்மா?"

எடிட்டரம்மா மடியிலிருந்த போனில் ரெக்கார்டை நிறுத்தி, அதைச் சேவ் செய்தாள்.