கார் நிறுத்துமிடத்தில் நான்கு சிங்கங்கள்

எங்கள் மேல்மாடிக்காரர் வளர்த்த நாயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் சிங்கம் என்றுதான் எட்டு வயதுவரை நான் நம்பியிருந்தேன். தொலைக்காட்சியில் அது அந்த அளவுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. கால்நடை மருத்துவம் படிக்க மலேசியாவில் கிள்ளானிலிருந்து சிட்னிக்கு வந்தவள். அங்கே ஹோம்புஷ் பகுதியில் எங்கள் ஃபிளாட்டில், என் கட்டிலுக்குக் கீழே மெத்தை விரித்துப் படுத்துத்தான் படித்து முடித்தாள். முடித்த கையோடு ஒரு நல்ல கிளினிக்கில் வேலைக்குச் சேர்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவள் காட்டுச் சிங்கங்களை ஆராயும் குழு ஒன்றுடன் ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் கழித்துக் கறுத்து, மெலிந்து திரும்பியிருந்தாள். விசாரித்தவர்களிடம் அம்மா, "வெளிநாட்டுல டிரெய்னிங்" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

அன்று மாலை சின்னம்மாவைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்தே அம்மாவும் அவளும் சமையலறையில் தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "மார்ச் மாசம்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. "அத இன்னிக்குச் சொல்லாத லா. மொதல்ல இது முடியட்டும்" என்று கிள்ளான் பேச்சில் அடக்கினாள் அம்மா. மார்ச் மாதம் என் பிறந்தநாள். எனக்குத் தெரியாமல் ஏதோ பெரிய பரிசு வாங்கப்போகிறார்கள் என்று நினைத்து, நான் மிகவும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் சின்னம்மா என் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வா, கீழ போவோம். நாய் சைஸா, என்ன சைஸுன்னு பாப்போம்" என்றாள். அவள் கையில் ஒரு நீல நைலான் கயிறு இருந்தது. ஆப்பிரிக்காவில் ஒருநாள், மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்த சிங்கத்தை அளக்க நாடாவைக் கொண்டுபோக மறந்துவிட்டார்களாம். கூடாரக் கயிற்றால் அளந்து, மூக்கு நுனிக்கு ஒரு முடிச்சு, வால் தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு, வால் முடியும் இடத்தில் ஒரு முடிச்சு போட்டார்களாம். அந்தக் கயிறுதான் அது.

கட்டடத்தின் பின்புறம் கார்கள் நிறுத்தும் சிமெண்ட் தரையில் மூக்கு முடிச்சைப் பிடித்தபடி நான் குந்தினேன். சின்னம்மா கயிற்றை நீட்டிக்கொண்டே நடந்தாள். நின்றுவிடுவாள் என்று நான் நினைத்த இடத்தையெல்லாம் தாண்டிப் போனாள். "இன்னும் எங்க போறீங்க?" என்று கத்தினேன். "இன்னும் வாலே வரல" என்றாள்.

பிறகு மண்டியிட்டு வரைந்தாள். தோள் என் நெற்றி உயரத்துக்கு வந்தது. ஒரு பாதத்துக்குள் என் இரண்டு கைகளும் அடங்கின. பிடரியை வரைந்து முடித்தபோது மூன்று சாக்பீஸ் தீர்ந்திருந்தது. நான் எழுந்து பின்னால் நகர்ந்து பார்த்தேன். வெறும் வெள்ளைக் கோடு என்று தெரியும். இருந்தாலும் அதன் வாய்ப்பக்கம் போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்தடுத்து இன்னும் மூன்று வரைந்தாள். அவை மூன்றும் அண்ணன் தம்பிகளாம். ஒவ்வொன்றும் பெரியவனைவிட ஒரு சாண் குட்டை. ஒன்றுக்குப் பிடரி சரியாகவே வளரவில்லை; இன்னொன்றுக்கு வால் நுனி இல்லை. எனக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. பெரியவன்தான் என்னுடையவன் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

மூவரில் கடைசியானவன், கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிளின் கார் நிற்கும் இடத்தில் படுத்துவிட்டான். கடைக்குப் போய்வந்த அங்கிள் காரை நிறுத்தி இறங்கினார்.

"பிள்ளை, நான் காரை எங்க விடுறது?"

"கொஞ்ச நேரம் ரோட்டுல விடுங்க அங்கிள். இன்னும் ஒரு வால் பாக்கி."

அவர் காரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து சிங்கத்தைச் சுற்றி நடந்தார். "உண்மையா இவ்வளவு பெரிசோ? என்ன நிறை வரும்?"

"உங்கள மாதிரி மூணு பேர்."

அங்கிள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "ஓம், அப்ப பெரிய சாமான்தான்" என்றார் மரியாதையோடு. அதன்பின் அவர் போகவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார்கள். சின்னம்மா முழங்கால் இரண்டும் வெளுக்க, பழைய காற்சட்டையோடு தரையில் இருந்தாள். உள்ளே திரும்பிய காரைத் தடுத்தது அங்கிள்தான். "தம்பி, பாத்து! சிங்கத்துக்கு மேல ஏத்திப்போடாதேங்கோ!"

இறங்கியவர்கள் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். சென்னைக்காரர்கள். அந்த அம்மா கோபிப்பார் என்று நான் பயந்தேன். அவரோ புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, எந்தச் சிங்கத்தின் பாதத்தையும் மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு வந்தார். "அம்மாடி, இவ்ளோ பெருசா இருக்குமா?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மாப்பிள்ளை நான்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சண்டை வந்தா இந்தப் பெரிய சிங்கம்தானே ஜெயிக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னா ஜெயிக்கும்" என்றாள் சின்னம்மா. தரையிலிருந்து எழாமலே சொன்னாள். "ஆனா சண்டையே நடக்கல. அந்த இடம் ரெண்டு வருஷமா இவனோடது. ஒருநாள் பொழுது சாயற நேரம் தூரத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு. இவன் தலையத் தூக்கினான். ரெண்டாவது குரல் கேட்டுச்சு. மூணாவதும் கேட்டுச்சு. நாங்க வண்டிக்குள்ள உக்காந்திருக்கோம், எங்க நெஞ்சுக்கூடு அதிருது. இவன் பதில் குரல் குடுப்பான்னு காத்திருந்தோம். குடுக்கல. எழுந்து நின்னான், எண்ணிப் பாக்குற மாதிரி நின்னான். அப்புறம் ஆத்து மணல்ல இறங்கி அந்தப் பக்கம் நடந்துட்டான். திரும்பியே பாக்கல."

ரயில் ஒன்று ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு பெருசா இருந்துமா?" என்றேன் நான். அழுகை வந்துவிட்டது.

"தனியா இருந்தான்" என்றாள் சின்னம்மா.

அப்போதுதான் மாடிப்படியடியில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். பட்டுப்புடவை கட்டி, தங்கையின் கோலத்தைக் கண்டு திட்டுவதற்காகவே வேகமாக இறங்கி வந்திருக்க வேண்டும். திட்டவில்லை. முதல்முறை பார்ப்பவளைப்போலச் சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திரும்பி வந்ததிலிருந்து அங்கே என்ன கண்டாய் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

மேலே எல்லாம் முறைப்படி நடந்தது. சின்னம்மா புடவை மாற்றி வந்தாள். அப்பா எல்லோருக்கும் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு நல்லவிதமாகப் போயிற்று. தேநீர் பாதியில் மாப்பிள்ளையின் அம்மா கனிவாகத்தான் கேட்டார்: "கல்யாணத்துக்கப்புறம் இந்தக் காட்டு வேலையெல்லாம் இருக்காதுல்லம்மா?"

சின்னம்மா கோப்பைக்குள் பார்த்தாள்.

"இருக்கும்" என்றாள் அம்மா. "மார்ச்சுல மறுபடி போறா. ரெண்டு வருஷம். பெரிய வேலை, கூப்பிட்டிருக்காங்க."

அப்பாவின் கையில் முறுக்குத் தட்டு அந்தரத்தில் நின்றது. எனக்கோ என் பிறந்தநாள் பரிசு போன துக்கம்.

அவர்கள் கௌரவமாகவே விடைபெற்றுப் போனார்கள். கதவு சாத்திய உடனே அம்மா கிள்ளானிலிருக்கும் பாட்டிக்கு ஃபோன் செய்தாள். "எனக்குத்தான்மா பிடிக்கல. நான்தான் வேணாம்னுட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க, என்னத் திட்டுங்க" என்றாள். அந்தப் பக்கம் நெடுநேரம் திட்டியது. அம்மா "ம்" கொட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு சின்னப் பொய்க்கு என்னை மூலையில் நிற்க வைக்கும் அம்மா இத்தனை பெரிய பொய்யைக் கூசாமல் சொல்கிறாளே என்று நான் திகைத்துப்போயிருந்தேன்.

வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அம்மாவும் சின்னம்மாவும் நானும் கீழே இறங்கினோம். அம்மா பெரிய சிங்கத்தைச் சுற்றிவந்தாள். "நிஜமாவே இந்த அளவா?" என்று கேட்டாள். சின்னம்மா தலையாட்டினாள். உடனே அம்மா, பட்டுப்புடவையோடு, அதன் வயிற்றுப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். சின்னம்மா அவளுக்கு முதுகு காட்டி ஒட்டிப் படுத்தாள். அம்மா அவள் தலைமுடியிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டபடி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பிடரிக்குள் சுருண்டுகொண்டேன்.

மூன்று பேர் படுத்த பிறகும் வால் பக்கம் இடம் மிச்சமிருந்தது. அன்று மாலை நடந்த எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.